நாற்பத்தொன்றாம் வில்லை

நான் அந்த நாட்டியத்தைப் பார்க்கவில்லை.
கோட்டு வாங்கி மாட்டுகிறவளுக்கும் மேடைக்கும்
நடுவே ஒரு சுவர்.
லியேஜ் நகரத்துப் பிப்ரவரி. வாசலில் அழுக்குப் பனி.
முந்நூற்றுப் பன்னிரண்டு கோட்டுகள்
தலையில்லாமல் தொங்கின:
கீரித்தோல், நரித்தோல்,
காப்பிக் கறை படிந்த
யாரோ ஒரு வாத்தியாரின் கம்பளி.

எட்டரைக்குக் குழல் ஊதியது.
முக்காலுக்கு முதல் சிரிப்பு.
அப்புறம் சீட்டி.
அப்புறம் இருக்கைகள் படார் படாரென மடங்கும் ஓசை,
மழைக்கு முன் கதவுகள் அடித்துக்கொள்வதுபோல.

முதலில் ஓடிவந்தது மதாம் கொலின்யோன்:
"முதுகு! முழுக்க முதுகு!
காசு கொடுத்து முதுகையா பார்ப்பது?"
பின்னால் ஒரு வக்கீல்:
"காலில் கரி, மூஞ்சியில் கரி,
கூடையைத் தூக்கிக்கொண்டு வளைய வருகிறார்கள்.
அன்னம் எங்கே, ஐயா, அன்னம்?"
வில்லைகள் என் மேசையில் சோழியாகச் சிதறின.

ஒரு கணம் கிடைத்தபோது
சுவரில் காதை வைத்தேன்.
தும் தும் தும் தும்.
எனக்குத் தெரிந்த நடை இது.
பதினாலு வயதில், செரேங் சுரங்க வாயிலில்,
இரண்டு வருஷம் நடந்த நடை.
ஆனால் நாங்கள் மூன்று எட்டு வைப்போம்,
கூடையை இடுப்புக்கு மாற்றுவோம்,
அதற்குள் ஒரு மூச்சு போய்வரும்,
பிறகுதான் நாலாவது.
இவர்களுக்கு நாலாவது எட்டு
நேரத்துக்கு விழுந்தது.

வெற்றுக் கூடை.
சுவருக்கு இந்தப் பக்கமே தெரிந்துவிட்டது.

உள்ளே யாரையோ யாரோ அறைந்தார்கள்.
"இதுதான் புது யுகம்!" என்று
மாடத்திலிருந்து ஒரு மாணவன் தொண்டை கிழியக் கத்தினான்.
அவனுக்கும் தெரியாது, வெற்றுக் கூடை என்று.
சீட்டியடித்தவர்களோடும் சேர முடியவில்லை,
கைதட்டியவர்களோடும்.
கையில் பாதி மாட்டிய கோட்டோடு
நின்றுகொண்டே இருந்தேன்.

நாற்பத்தொன்று. முசியே ராஸ்கினே.
மூன்று சுரங்கங்களில் பங்குள்ளவர்.
கழுத்து சிவந்து, கழுத்துப்பட்டை அவிழ்ந்து,
"என் கோட்டு! இப்போதே!
எங்கள் பணத்தில் கட்டிய அரங்கில்
எங்களுக்கே கரி பூசுகிறார்கள்!"
கைத்தடியால் மேசையை இடித்தார்.
தும்.
தும்.
தும்.
மூச்சு வாங்கியது அவருக்கு, பாவம்,
நிறுத்தினார்,
பிறகு
தும்.

அதே இடத்தில், அதே தாமதம்.
இந்த ராத்திரி முழுக்க
சரியாக ஆடியது அவர் ஒருவர்தான்.

கோட்டு கையெட்டும் தூரத்தில்தான் தொங்கியது.
காணாததுபோல
இன்னும் கொஞ்சம் தேடினேன்.