முப்பத்தாறு வயது முழங்கால்

ஐஸ் மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர்.
அந்தப் பக்கம் காட் மீன்கள்,
வாய் பிளந்தபடி, எந்தக் கட்சியிலும் சேராமல்.
கத்திகள் ஓடுகின்றன.
பேச்சு அதைவிட வேகமாக.

பிராந்துர் வருகிறானாம்.
டென்மார்க்கில் பத்து வருடம்,
டோர்ஷ்ஹாவ்ன் அணியில் நாலு.
இப்போது அங்கே அவன் பெயரை
யாரும் கத்துவதில்லை.
நம்மிடம் ஆள் விட்டுக் கேட்கிறான்:
ஒரு வருடம், ஒரு வீடு,
சம்பளம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

"வீடா?" என்றான் ஹானுஸ்.
"தொண்ணூற்றோராவது நிமிடத்தில்
நம்மைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளியவனுக்கு
நாமே கூரை போட்டுத் தருவதா?"
ஏழு வருடமாக அந்தக் கோல்
அவன் கண்ணுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது.
கத்தி முள்ளில் சிக்கியது.

"அதனால்தான் சொல்கிறேன்,
பழம் தின்று கொட்டை போட்டவன்" என்றாள் மர்யுன்.
"நம் பையன்கள் பழத்தைத்
தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.
பதினாலு ஆட்டம், ஒன்பது கோல்.
அதில் ரெண்டு காற்று அடித்தது."

காற்று அடித்தது உண்மைதான்.
கோல்கீப்பர் உதைத்த பந்து
கடல்வரை போய் யோசித்துத் திரும்பி
எதிரியின் வலையில் விழுந்தது ஒரு நாள்.
இந்தத் தீவில் காற்றுக்கும்
ஒரு சட்டை தைக்கவேண்டும்.

ஒட்வோர் கிளப்பின் கணக்கை வைத்திருப்பவள்,
கையுறையைக் கழற்றாமலே கூட்டினாள்:
"சாய்ந்த விளக்குக் கம்பம் சாய்ந்தபடியே கிடக்கிறது.
கம்பமா, காலா? ஒன்றுக்குத்தான் காசு."
"இருட்டில் அவன் கோல் அடித்தால்
எவன் பார்ப்பது?"
"நாம் தோற்பதைப் பார்க்க
வெளிச்சம் எதற்கு?"

சாமல் மட்டும் பேசவில்லை.
அவன் மகன் தைதுருக்குப் பதினெட்டு.
போன மாதம்தான் அவனுக்கு
ஒன்பதாம் எண் கிடைத்தது.
மூன்று மீன் அறுத்தபின்
யாரையும் பாராமல் சொன்னான்:
"ஒன்பது ஒன்றுதான் இருக்கிறது."
பிறகு கொஞ்ச நேரம்
இயந்திரம் மட்டும் பேசியது.

"நீ அவனைக் கப்பலில் பார்த்தாயாமே,"
ஹானுஸ் என் பக்கம் திரும்பினான்,
"எப்படி இருக்கிறான்?"

பார்த்தேன். வெள்ளிக்கிழமை, காலைக் கப்பல்.
கார்த் தளத்துக்கு இறங்கும் இரும்புப் படியில்
நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தான்,
கைப்பிடியை ரெண்டு கையாலும் பற்றி,
ஒவ்வொரு படியையும்
கடன் திருப்பித் தருகிறவன்போல் எண்ணி.

கடைசிப் படியில் நின்று
போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.
ஒரு குழந்தையின் கையிலிருந்து காலி டப்பா நழுவி
கப்பலின் சாய்வோடு உருண்டு வந்தது.
அவன் பார்க்கவில்லை.
கால் மட்டும் வெளியே வந்தது.
டப்பா அதனடியில்
நாய்க்குட்டிபோல் உட்கார்ந்தது.
பேச்சை நிறுத்தாமல் அதைத் திருப்பி அனுப்பினான்,
ரெண்டு கார்ச் சக்கரங்களுக்கு நடுவே,
குழந்தையின் ஷூ முனைவரை.
பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

ஆடிய கால் சும்மா இராதாம்.
அது சும்மா இருந்து தொலைத்திருந்தால்
எனக்கு எவ்வளவு சுலபம்.

"படி இறங்கச் சிரமப்படுகிறான்" என்றேன்.

ஹானுஸ் மேசையைத் தட்டினான்.
மர்யுன் என்னை முறைத்தாள்.
சாமல் நிமிர்ந்து பார்த்த பார்வையை
என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.
டப்பாவைச் சொல்ல வாயெடுத்தேன்.
மணி அடித்தது. அடுத்த தொட்டி மீன்
சரிந்து வந்து விழுந்தது.

நாளை மாலை பள்ளிக்கூட அறையில் கை தூக்கவேண்டும்.
மூன்றுக்கு மூன்று என்கிறாள் ஒட்வோர்,
என்னை எந்த மூன்றில் சேர்த்தாளோ.

இன்றிரவு சமையலறையில்
காலி டப்பா ஒன்றை உருட்டிவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி காலை நீட்டினேன்.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
நாலாவது தடவை அது
குளிர்பெட்டிக்கு அடியில் போய் நின்றது.
குனிந்து எடுக்க
முழங்கால் விடவில்லை.