இருபத்தொன்பதரை

இசிப்பிங்கோ தபால் நிலையத்தில்
பென்ஷனுக்கும் மீன்பிடி உரிமத்துக்கும் ஒரே வரிசை.
என் முறை வந்தபோது பிரிண்டரில் மை தீர்ந்தது.
"தூண்டிலா, வீச்சுவலையா, சிப்பி பொறுக்குவீங்களா?"
ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு.
தூண்டில் போதும் என்றேன்.
கையால் எழுதி, முத்திரை குத்தி, விதிகளை ஒப்பித்தாள்:
ஷாட் மீன் நாளுக்கு நான்கு,
முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலுக்கே,
அக்டோபர், நவம்பர் தொடவே கூடாது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு.
பாறையில் மூன்று மணி நேரம் நின்று
ஒன்றே ஒன்று.
கழுத்து நாடாவை உருவினேன்.

பள்ளிச் சீருடை தைப்பவள் நான்.
வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் அப்பன்மாருக்கு
எத்தனை அரை அங்குலம் பொய் சொல்லியிருப்பேன்!
இது எக்கவில்லை.
வாயைத் திறந்து திறந்து மூடியது.
மூக்கு நுனி முதல் வால் நுனி வரை
இருபத்தொன்பதரை.
வாலை நீவிவிட்டு மறுபடியும்
இருபத்தொன்பதரை.

"யாரு பாக்குறா லோகி,
நாடாவக் கொஞ்சம் தளத்து" என்றான் குபேந்திரன்
அடுத்த பாறையிலிருந்து.
தளர்த்தத் தெரியாதா எனக்கு?
ஈரக் கையால் அலைக்குள் இறக்கிவிட்டேன்.
திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

இன்ஸ்பெக்டர் ஷெலெம்பே வந்தபோது
வாளியில் வெறும் தண்ணீர்.
நனைந்த சீட்டில் என் பெயர் கரைந்து
முத்திரை மட்டும் மிச்சம்.
"ஒன்றும் சிக்கலையா?"
சிக்கியது, அரை சென்டிமீட்டர் பற்றவில்லை.

சிரித்தபடி நகர்ந்தார்.
உப்புத் தண்ணீரில் இழுபட்டது
அவருடைய சீருடைக் கால்சட்டையின் விளிம்பு.
கண்ணாலேயே அளந்தேன்:
மூன்று சென்டிமீட்டர் கூடுதல்.