நாளைக்கு இழுபடும் கோ

புல் முடிந்து பலகை தொடங்கும் இடத்தில்
என் கோலின் சத்தம் மாறியது.
"கானிவேல் வந்திட்டுது" என்றாள் டிலக்சனா.
ஜெனறேற்றர் புகை மணத்தபோதே
எனக்கு வந்துவிட்டது.

ரிக்கற் கூட்டுக்குள் இருந்த பெடியன்
என்னைத் தாண்டி அவளிடம் கேட்டான்:
"அவவுக்கும் வேணுமோ?"
"அவவிட்டயே கேளுமன்."
அவன் கேட்கவில்லை.
ஐந்நூறு ரூபாய்த் தாளின் நீளத்தை
விரலால் அளந்து நீட்டினேன்.
மிச்சக் காசை அவள் கையில் வைத்தான்.

டிராகனில் ஏற விடவில்லை.
"பலகையில எழுதியிருக்கக்கா."
எந்தப் பலகை?
"அந்தா, உங்களுக்கு முன்னால."
கை நீட்டினேன். தகரம்.
பெயின்ற் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது.
இதய நோயாளர், கர்ப்பிணிகள்,
நாலடிக்குக் குறைந்தோர், பார்வை குறைந்தோர்.
வாசித்து முடித்துவிட்டு டிலக்சனா சொன்னாள்,
"நாலில ஒண்டுதானடி நீ, பரவாயில்லை."
எனக்கும் சிரிப்பு வந்தது.
கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.
மேலே ஏறினவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.
"எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருக்கினம்" என்றாள்.

பேய் வீட்டுக்குப் பலகை இல்லை.
மூன்றாவது வளைவில் நின்ற பேயிடம்
சித்தாலேப மணத்தது. இருமியது.
"தம்பி, மருந்தெடுத்தனீரோ?"
"ஓமக்கா, பின்னேரம்தான்" என்றது பேய்.
பின்னால் வந்தவர்கள் அலறினார்கள்.
ஆனால் வாசலுக்குக் கிட்ட
கணுக்காலில் யாரோ குளிர்காற்றை ஊத,
அவர்கள் எல்லாரையும்விடப் பெரிதாய்
நான் கத்தினேன்.
அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

ராட்டினத்துக்காரருக்குத் தமிழ் இல்லை.
"ஹெமின், நங்கி" என்றார்.
என் கையை எடுத்துக் கம்பியில் வைத்தார்,
பிறகு கொளுக்கியில்,
பிறகு கதவு முடியும் விளிம்பில்.
அவ்வளவுதான்.
இந்த இரவில் என்னிடம் நேரே பேசிய முதல் ஆள்.
பேயைத் தவிர.

ஏறினோம்.
ஜெனறேற்றர் கீழே கீழே போனது.
வற்றின பண்ணைக் கடலின் சேற்று மணம்
முகத்துக்கு வந்தது.
டிலக்சனா சொல்லத் தொடங்கினாள்:
நூலகம் வெள்ளையாய் நிக்குது.
மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பச்சை லைற்.
பாலம் முழுக்க விளக்கு, மாலை கட்டினமாதிரி.

உச்சியில் நின்றது. கூடு ஆடியது.
பஸ் ஸ்ராண்டில் லொத்தர்க்காரரின் ஒலிபெருக்கி
"நாளைக்கு இழுபடும் கோ"
என்பதோடு அறுந்தது.
கோயில் பாட்டும் அறுந்தது.
நகரத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து
"ஓ" என்று கூவினார்கள்.
பிறகு ஒரு பாண் ஓட்டோவின் மெட்டு மட்டும்
ஆஸ்பத்திரி வீதியால் தனியே போனது.

"கடையெல்லாம் ஒரே வெளிச்சம்" என்றாள் அவள்.
"பார், நகைக்கடைப் பக்கம் மினுங்குது."
அவள் குரல் கடைகளின் பக்கம் போகவில்லை.
என் தோளுக்குள் போனது.
என் சட்டையில் அவள் மூச்சு சூடாயிருந்தது.
உள்ளங்கை ஈரம்.

"நூலகம்?" என்று கேட்டேன்.
"வெள்ளையாய்."
"இப்பவும்?"
"இப்பவும்தான்."

கரண்ட் போனதை நான் சொல்லவில்லை.
எத்தனை இடத்தில் எத்தனை பேர்
எனக்கு எதையோ சொல்லாமல் விட்டார்கள்,
அந்தக் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது.
அவள் ஒவ்வொரு கடையாக
விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.
நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
மீன் சந்தை? எரியுது.
கோட்டை மதில்?
கொஞ்சம் யோசித்தாள்.
"அதிலயும் ரெண்டு."

இறங்கிய பிறகும் கம்பியை விடவில்லை.
ராட்டினத்துக்காரர் அவள் விரல்களை
ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.
"ஹெமின், ஹெமின்."
"நல்லா இருந்ததோ உனக்கு?" என்றாள், பல்லடித்தபடி.
"கடலைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லையே நீ."
"இன்னொருக்கா ஏறினால் சொல்லுவன்."

பையைத் திறந்து
ஐந்நூறின் நீளத்தைத் தேடினேன்.