ஏழு நூல்

மகளின் கிராஃப் நோட்டில்
ஒரு கட்டம் ஐம்பது மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.
கம்மியம்பேட்டை வீட்டுச் சமையலறை
இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது.
அடங்காதது சுவர்தான்.

பின்மூலைக்குப் பின்மூலை 2514.
அறுநூறு முன்னால் தள்ளிப் பிடித்தால் 2492.
டேப்பின் நாக்கு வளைந்திருக்கும் என்று
மூன்று தடவை அளந்தேன்.
தாவூத் பாய் போனில் சிரித்தார்:
"ஏழு நூல் அவுட்டும்மா.
மூலைமட்டத்துக்கு நிக்கிற சுவரு
இந்த ஊர்ல எங்க இருக்கு?"

எனக்கு மில்லிமீட்டர், அவருக்கு நூல்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
டன்னும் பெட்டியுமாகப் பதினோரு வருடம் கணக்கெழுதியவள்,
எதையும் எதற்கும் மாற்றுவேன்.
மாறாதது பலகையின் கனம்.
இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பதினெட்டு.
அறுநூறு என்று எழுதிய பெட்டிக்குள்
564தான் இருக்கிறது.
இதை மறந்ததில் போனமுறை ஒரு டிராயர்
நேராகப் பரணுக்குப் போனது.
இன்னும் அங்கேதான், பழைய கொலுசுப் பெட்டிகளோடு.

சிங்க்குக்கு 800. சிலிண்டருக்கு 450.
டிராயருக்கு அறுநூறும் அறுநூறும்.
கூட்டினால் 2450.
மீதி முன்னால் நாற்பத்திரண்டு, பின்னால் அறுபத்து நான்கு,
ஆப்பு மாதிரி ஒரு சந்து.
"சப்பாத்திக் கட்டையைச் சொருகிடலாம்"
என்கிறார் ஞானசேகர்,
உதவுவதாக நினைத்துக்கொண்டு.

உயரத்துக்கு ஆள் வேண்டும்.
முழங்கையை மடக்கிச் சுவரோரம் நின்றேன்.
பென்சிலால் கோடிட்டார்: 950.
அவர் நின்றார். நான் கோடிட்டேன்: 1110.
முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே மேடை என்றால்
எனக்கு 850, அவருக்கு 1010.
நடுவில் பிரிச்சுக்கலாம் என்றார்.
நடுவில் எதற்கு?
வாரம் பூரா நிற்பது நான்.
நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரத்துக்கு மட்டும்.
880 என்று எழுதினேன்.
மீனுக்காகப் பதின்மூன்று சென்டிமீட்டர் குனியலாம்,
தப்பில்லை.

விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது
சுவரில் இன்னொரு கோடு.
நாங்கள் இழுக்காதது.
இரண்டு முறை பெயின்ட் அடித்தும்
டீக்கறை மாதிரி ஊறி வருவது.
டேப்பை வைத்தேன்: 280.

கெடிலம் வந்து எங்கள் வீட்டில்
இரண்டு நாள் நின்ற உயரம்.
ப்ளைவுட் ஊதிக் கதவுகள் திறக்காமல்
பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும்
இருட்டிலேயே முளைத்தன.
காலி சிலிண்டர் மட்டும் ஹாலுக்கு மிதந்துபோய்
டிவி ஸ்டாண்டை முட்டிக்கொண்டிருந்தது,
உள்ளே விடு என்பது போல.

பெட்டிக்கு அடியில் எல்லோரும் நூறு விடுவார்கள்,
கால்விரல் நுழைய.
நான் முந்நூறு என்று எழுதினேன்.
எவர்சில்வர் கால். அதன்மேல் பெட்டி.
கல்லுக்கு இருபது, காலுக்கு முந்நூறு போக
560. உள்ளே 524.
இட்லிப் பானை நிற்கும்.
அதன் தலைக்குமேல் ஒரு தட்டு என்ற ஆசையை
ரப்பரால் அழித்தேன், கட்டம் கிழிகிற அளவுக்கு.
சிலிண்டர் இதற்குள் நுழையாது.
தரையிலேயே இருக்கட்டும்,
அதற்கு நீச்சல் தெரியும்.

சனிக்கிழமை தாவூத் பாய் வந்து
நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அடியில இவ்வளவு காலி விட்டா
பூனை குட்டி போடுமேம்மா."
போடட்டும் பாய்.
கார்த்திகைக்குள் குட்டிகள் ஏறப் பழகிவிடும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
என் முந்நூறுக்குப் பக்கத்தில்
பதினோரு அங்குலம் ஆறரை நூல் என்று எழுதினார்.
சுவரைப் பார்த்தார்.
ஆறரையை அடித்துவிட்டு
ஏழு என்று போட்டார்.