நிலைக்கால்

"ஆண்டவரை எப்போது கண்டுபிடித்தீர்கள், பிரதர்?"
சாட்சி சொல்ல மேடையேற்றிவிட்டார்கள்.
முன்பு பேசியவரின் மூச்சில்
ஒலிவாங்கி இன்னும் ஈரமாயிருந்தது.

கண்டுபிடித்தேனா, நானா?
நீரே சொல்லும்.

புக்கிட் மேரா. பதினோராம் மாடிப் படிக்கட்டு.
செருப்பைக் கையில் பிடித்தபடி ஒளிந்திருந்தேன்.
இரண்டு மாடி கீழே வட்டிக்காரனின் ஆட்கள்
என் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வீசினார்கள்.
உள்ளே ஜெசிந்தா,
மகளின் வாயைப் பொத்திக்கொண்டு.
நான் இருமக்கூட இல்லை.

பேதுருவுக்காவது சேவல் கூவியது.
எனக்கு லிஃப்ட் மணி.

அன்றிரவு நான் ஜெபிக்கவில்லை.
சுவரில் அவர்கள் கிறுக்கிய எங்கள் வீட்டு எண்ணையே
சனிக்கிழமை குலுக்கலுக்குக் கட்டினால் என்ன
என்றுதான் யோசித்தேன்.

பிறகு படிக்கட்டில் வெறுங்காலின் சத்தம்.
ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று,
"அப்பா, எங்க இருக்கீங்க?"
குரல் என் மகளுடையது.
கேள்வி அவளுடையது அல்ல.
தோட்டத்து மரங்களுக்கு நடுவே
இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டு நின்றவனை நோக்கி
முதலில் கேட்கப்பட்டது அது.

இங்கே முடித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

ஆனால் ஞானஸ்நானம் எடுத்த எட்டாம் மாதம்
தெலுக் பிளாங்காவில் மறுபடி வரிசையில் நின்றேன்.
ஒரு வாரமல்ல, ஆறு வாரம்.
ஆலயத்தில் பாடிய வாயாலேயே எண்களை முணுமுணுத்தேன்.
உம்மை விட்டுவிட்டேன், முழுசாக,
இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.
விழவில்லை.
பிடித்திருந்தது என் கைகள் அல்ல என்று
அப்போதுதான் தெரிந்தது.

சலவை இயந்திரத்தில் சட்டைப் பையிலிருந்து
கூழாக வந்தது சீட்டு.
ஜெசிந்தா கேட்கவில்லை. கொடியில் சட்டையை மாட்டினாள்.
நானே சொன்னேன். சொல்ல வைத்தது யார்?

மைத்துனருக்கு இன்னும் மாதம் முந்நூறு வெள்ளி
கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.
மற்றதற்கு
என்னிடம் ஒருநாளும் கணக்குக் கேட்கப்படவில்லை.

மேடையில் இதில் எதுவும் வரவில்லை.
"நான் இல்லை. அவர்தான்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.
மூப்பர் நேரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

கதவுக்குப் புதுச் சாயம் அடித்தாயிற்று.
நிலையின் மேல்முனையில் மட்டும்
தின்னருக்கு எட்டாத ஒரு விரற்கடை சிவப்பு.
சுரண்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரவு வேலை முடிந்து திரும்புகையில் நிமிர்ந்து பார்ப்பேன்.
உள்ளே இருவரும் தூங்குகிறார்கள்.
எத்தனை இரவுகள்
எதுவோ இந்தக் கதவுவரை வந்து
கடந்து போயிருக்கிறது.