பெரிய ற

"எந்தூருங்க, கேரளாவுங்களா?"
பவானிசாகருங்க என்றேன்.
"பவானிசாகர்ல ஆரு ஓம்னு பேசறாங்க?"
தோட்டத்துக்காரர் சிரித்தார்.
சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்க்கையில்
வாயிலிருந்து விழுந்திருக்கிறது.

நம்பியூருக்குத் தெற்கே
மூவாயிரத்து இருநூறு சதுர அடி.
வாஸ்துக்காரர் சொன்ன வாழைக்குருத்துப் பச்சை,
கிழக்கு வாசலுக்கு மட்டும் சந்தனம்.
அடிக்குப் பதினெட்டு என்றேன்.
பன்னெண்டுக்கு பீகார்ப் பசங்க வர்றாங்களே என்றார்.
என் ஆட்களில் நாலு பேர் பீகார் என்பதை
நான் சொல்லவில்லை.
பதினாறில் நின்றது.

பேசாலையில் படகேறியபோது ஏழு வயது.
கடலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு
உப்புத்தாளைப் பற்றிச் சொல்கிறேன்:
முதலில் எண்பதாம் நம்பர்,
பிறகு நூற்றிருபது, கடைசியில்
கன்னத்தை வைத்துப் பார்க்கிற மாதிரி முந்நூற்றிருபது.
பதினைந்தாம் வயதில் புளியம்பட்டியில்
ஒரு கல்யாண மண்டபம் முழுக்கத் தேய்த்த வாரம்
முகாமில் கைரேகை எடுத்தார்கள்.
"ஒண்ணும் விழலியேப்பா" என்று
அதிகாரி மறுபடி மறுபடி மையில் அழுத்தினார்.

இப்போது பதினொரு பேர். ஆறு ஏணி.
கம்ப்ரசருக்குத் தவணை முடிந்துவிட்டது.
ஜிஎஸ்டி சென்னிமலையப்பன் பேரில்,
வண்டி அவன் மச்சினன் பேரில்,
ரசீதுப் புத்தகத்தில் குருநாதசாமி பேரில்.
என் பேர் கூலிப் பட்டியலில்,
முதல் வரி.
நல்லவன் சென்னிமலையப்பன்.
பங்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை.
ஆனாலும் அவனுக்குக் காய்ச்சல் என்றால்
எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

வாடகைக்குப் போன ஏணி இரண்டு
சத்தியமங்கலத்தில் தொலைந்த பிறகு
அடையாளம் போட போர்டு எழுதும் வேலுச்சாமியிடம் போனேன்.
றெஜிஸ் என்று துண்டுச்சீட்டில் கொடுத்தேன்.
"பெரிய ற-வுல பேரே ஆரம்பிக்காதுங்க,
இலக்கணத்துல இல்ல."
சின்ன ர-விலும்தான் ஆரம்பிக்காது.
நேற்று நீங்கள் எழுதிய ராசாத்தி மெடிக்கல்ஸுக்கு
முன்னால் இ போட்டீர்களா?
வேலுச்சாமி பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டார்.
"எழுத்துக்கு இருவது ரூவாங்க.
ஏணிக் கால்ல எடமும் கம்மி."
ஒரு எழுத்துப் போதும் என்றேன்.

தொலைந்ததில் ஒன்று
மூன்று மாதம் கழித்து தானாக வந்தது.
மேஸ்திரி ஒருவர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார்:
புதிதாக வாங்கிய நாலில்
அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறார்,
பழசின் சொந்தக்காரன் யாரென்று விளங்கியிருக்கிறது.
கோபியில் பெயிண்ட் கடைப் பையன் போனில்
நான் "பெரிய ற கான்ட்ராக்டர்".
சித்தாள்கள் இன்னும் சுருக்கி விட்டார்கள்:
"பெரியறா வந்துட்டாருங்களா?"
எந்த அலுவலகத்திலும் பதியாத பேர் இது.
யார் பேரிலும் எழுதி வைக்க வேண்டியதில்லை.

முகாமில் பத்துக்குப் பத்து.
மிச்சம் விழுந்த டப்பாக்களை ஊற்றி அடித்தது.
அடுப்பு மூலை ஒரு பல் டாக்டர்,
கதவு ஒரு நூல் மில்,
கட்டிலுக்குத் தலைமாட்டில் பாதி பெட்ரோல் பங்க்.
"ஒரு முழுச் சுவர் ஒரே நிறத்தில
எப்ப அடிப்பியள்?" என்கிறாள் ஜெனோவா.
இருபது லிட்டர் வாளி வாங்கக் காசு இருக்கிறது.
ஊரெல்லாம் கலர் அட்டையை நான் நீட்டியிருக்கிறேன்.
என்னிடம் யாரும் நீட்டியதில்லை,
அதுதான் இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

"வெள்ளிக்கெழம புண்ணியார்ச்சனை,
நாளைக்கு வராம இருந்துறாதீங்க."
நாளை முகாமில் ஆள் கணக்கு.
பேர் கூப்பிடும்போது நேரில் நிற்க வேண்டும்.
பெடியள் வருவாங்கள், ஏணியும் இங்கேதான் இருக்கும்,
நான் மத்தியானத்துக்கு மேல் என்றேன்.
"ரெண்டாங் கோட்டு காஞ்சுருமில்லீங்க?"
ஓமுங்க என்றேன்.