இடைவெளியின் அளவு

நான் மைக் செட்காரன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே கடை.
பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை,
மூச்சைப் பற்றிப் பேசலாம்.

மூத்தவன் சவரிநாதன், இளையவன் பிரகாசியம்.
மேடையில் 'வெண்ணாற்றுச் சகோதரர்கள்'.
ஒரு வரியை அண்ணன் தொடங்குவான்.
அவன் நெஞ்சு காலியாகும் இடத்தில்
தம்பி ஏற்கெனவே வந்து நின்றிருப்பான்.
ஊருக்கு அது ஒரே ஆள்,
மூச்சே இழுக்காத ஆள்.
எனக்கு மட்டும் இரண்டு சிவப்பு விளக்குகள்
மாறி மாறி எரியும்.

பூண்டி மாதா தேர், கூத்தாநல்லூர் நிக்காஹ்,
கொரடாச்சேரி மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு.
அந்தந்த வாசலுக்கு அந்தந்தப் பாட்டு.
உயிரை மட்டும் மாற்றாமல் போட்டார்கள்.

போஸ்டரில் யார் பெயர் முதலில் என்று
சண்டை வந்ததாகச் சொல்கிறார்கள். இல்லை.
வலங்கைமானில், ஒரு பரோட்டாக் கடையில் வந்தது.
"நீ சீக்கிரம் வந்துடுற" என்றான் பெரியவன்.
"நீ சீக்கிரம் தீர்ந்துடுற" என்றான் சின்னவன்.
சால்னா ஆறியது.

சென்னைக்குப் போனவன் ட்ராக் பாடினான்.
பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் போட்டுவைத்த துண்டு
அவன் குரல்.
பெரிய பாடகர் வந்ததும் எடுத்து உதறிவிடுவார்கள்.
ஒரே ஒரு பாட்டில்
ஒரு ஹம்மிங்கை அழிக்க மறந்துவிட்டார்கள்.
மன்னார்குடி பஸ்ஸில் அதைக் கேட்ட பிரகாசியம்
டிக்கெட் எடுத்த ஊருக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டான்.

இங்கே அவன் தனியாகப் பாடினான்.
வரி நடுவே நிறுத்துவான்.
அண்ணன் வரவேண்டிய இடம்.
கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு
மீதியைத் தானே எடுப்பான்.
அதை ஒரு பாணி என்றார்கள்.
கும்பகோணத்துக் காலேஜ் பையன்கள் பழகிக்கொண்டார்கள்,
ஆளில்லாத இடத்தையும் சேர்த்து.
புது மிக்ஸரோடு தொழிலுக்கு வந்த என் மகன்
"அங்க சிக்னல் விட்டுப் போகுதுப்பா" என்று
ஒரு சாயந்திரம் முழுக்க வயரைத் தடவினான்.

பதினோரு வருஷம் கழித்து
தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தான் சவரிநாதன்,
சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு.
யாரும் கேட்காமலே இரண்டாவது மைக்கை நட்டேன்.
தம்பி தொடங்கினான். நிறுத்தினான்.
அண்ணன் வாயைத் திறந்தான்.

மோதிக்கொண்டார்கள்.
ஒரே சொல்லில் இரண்டு குரலும் தலை இடித்து
ஸ்பீக்கர் கீச்சிட்டது.
பந்தியில் சாம்பார் வாளிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அந்த இடைவெளி
வருஷத்துக்குக் கொஞ்சமாகச் சுருங்கி
ஒருவன் மூச்சு வாங்கும் அளவுக்கு வந்திருந்தது.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

ராத்திரி டாடா ஏஸில்
ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள்.
வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்போது
"நீ இன்னும் சீக்கிரம்தான் வர்ற"
என்றது ஒரு குரல்.
விளக்கு எதுவும் எரியாததால்
எவன் சொன்னது என்று பிடிபடவில்லை.

கல்யாண வீட்டுப் பாக்கி முன்னூறு
இன்னும் வரவில்லை.